பில்லி ஹாலிடேயிடமிருந்து பறிக்கப்பட்ட அட்டை

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் வாழ்க்கையை வைத்து ஹாலிவுட் இரண்டு பெரிய படங்களை எடுத்திருக்கிறது. 1972இல் டயானா ராஸ் நடித்த படம் ஒன்று. 2021இல் ஆண்ட்ரா டே நடித்த படம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு. ஆயினும் இரண்டிலும் மேலோங்கி நிற்பது ஹெராயின் ஊசிதான். அன்புக்கு ஏங்கிய பெண், அடித்துத் துன்புறுத்திய ஆண்கள், போதை, அழிவு என்ற வாய்ப்பாட்டுக்குள் ஒரு மாபெரும் கலைஞரின் வாழ்க்கை அடக்கப்படுகிறது.

முதல் படத்தில், இசைக்குழுவோடு தென் மாநிலங்களில் பயணம் செய்யும் ஹாலிடே, கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பின மனிதர் ஒருவரின் உடலைத் தற்செயலாகக் காண்கிறார். அந்த அதிர்ச்சியிலிருந்து ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ (விசித்திரக் கனி) என்ற அவரது புகழ்பெற்ற பாடல் எழுவதாகக் காட்டப்படுகிறது. இரண்டாவது படம் அரசின் பங்கை மறைக்கவில்லை. ஆனால் அதை ஓர் உயரதிகாரியின் தனிப்பட்ட வன்மமாகச் சுருக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அவரை வேவு பார்த்த உளவாளியோடு ஒரு காதல் கதையையும் கற்பனையாகச் சேர்க்கிறது.

அந்தப் பாடல் எவரிடமிருந்து வந்தது, அது ஒலித்த மேடையை எவர் அமைத்தார், அவரது பிழைப்பை அரசு எதைக்கொண்டு பறித்தது என்பவை இந்தப் படங்களின் விளிம்பில்கூட முழுமையாக இடம்பெறவில்லை. இடதுசாரிகள் அவரை நினைவுகூர வேண்டிய காரணமோ அங்கேதான் இருக்கிறது.

1915 ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து பால்டிமோர் நகரில் வளர்ந்தவர் அவர். இயற்பெயர் எலினோரா ஃபேகன். தாய் சேடி பிழைப்புத் தேடி அலைந்ததால் குழந்தை பெரும்பாலும் உறவினர் பொறுப்பில் விடப்பட்டது. பள்ளிக்கு ஒழுங்காக வரவில்லை என்பதற்காக ஒன்பது வயதில் நீதிமன்றம் அச்சிறுமியைக் கத்தோலிக்கச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பியது. 11 வயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது மீண்டும் அதே இல்லத்தில் அடைத்தது, இம்முறை சாட்சி என்ற பெயரில். 1929இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பாலியல் தொழில் விடுதி ஒன்றில் நடந்த சோதனையில் 14 வயதுச் சிறுமி கைதாகி, வெல்ஃபேர் தீவின் உழைப்புச் சிறைக்கு அனுப்பப்பட்டார். குற்றம் இழைக்கப்பட்டது எவருக்கோ, அவரே தண்டனைக்கும் உள்ளாவது என்ற முறைமை அவரது வாழ்க்கையில் அப்போதே தொடங்கிவிட்டது.

முறையான இசைப்பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் ஆகியோரின் இசைத்தட்டுகளே ஆசான்கள். குரலின் வீச்சும் பெரிதல்ல; ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் தாளத்துக்குச் சிறிது பின்தங்கி வந்து, சொல்லை உரிய கணத்தில் இறக்கிவைக்கும் அவரது பாணி, பாடுதலின் இலக்கணத்தையே மாற்றியது. மெட்டை அப்படியே ஒப்பிப்பதில்லை. ஒரு சாக்ஸபோன் கலைஞர் செய்வதைப் போல அதைப் பிரித்து வேறுவிதமாகக் கட்டினார்.

1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனோடு அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகள் ஜூக்பாக்ஸ் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டவை. வெளியீட்டாளர்கள் சிறந்த பாடல்களை வெள்ளையினப் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றையே கறுப்பினக் கலைஞர்களுக்குத் தள்ளுவது அன்றைய வழக்கம். அந்த எச்சங்களிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பதிவுகள் சில உருவாயின. கூலி, ஒரு பதிவுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை. விற்பனையில் பங்கு கிடையாது. இசைத்தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் பாடியவருக்கு அதற்குமேல் ஒரு சென்ட் இல்லை. பிற்காலத்தில் அவர் எப்படிப் பணத்தை வீணாக்கினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவோர், அவர் ஈட்டித் தந்த பணம் எவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதுவது அரிது.

1937இல் கவுண்ட் பேசியின் கறுப்பின இசைக்குழுவில் பாடியபோது, அவரது நிறம் சற்று வெளிறியிருப்பதாகக் கூறி, டெட்ராய்ட் அரங்கு ஒன்றில் முகத்தில் கருமை பூசச் சொன்னார்கள் என்று அவரது தன்வரலாறு கூறுகிறது. வெள்ளைப் பெண் ஒருத்தி கறுப்பின ஆண்களோடு மேடையில் நிற்பதாக எவரும் நினைத்துவிடக் கூடாதாம். அடுத்த ஆண்டு ஆர்ட்டி ஷாவின் வெள்ளையின இசைக்குழுவில் சேர்ந்தார்; அங்கே அவர் மிகவும் கறுப்பு. நியூயார்க்கின் லிங்கன் ஹோட்டலில், விருந்தினர்களின் கண்ணில் படாமல் சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் வரச் சொன்னார்கள். அவர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். அதே ஆண்டு டிசம்பரில்தான் கஃபே சொசைட்டி திறக்கப்பட்டது.

கிரீன்விச் வில்லேஜில் இருந்த இந்த இரவு விடுதியின் உரிமையாளர் பார்னி ஜோசப்சன், நியூஜெர்சியின் ட்ரென்டன் நகரைச் சேர்ந்த முன்னாள் காலணி விற்பனையாளர். அவரது சகோதரர் லியோன் ஜோசப்சன் வழக்கறிஞர், கம்யூனிஸ்ட். ஹார்லெமின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் மேடையில் ஆடுவோர் கறுப்பினத்தவராகவும் மேசையில் அமர்வோர் வெள்ளையினத்தவராகவும் இருந்த காலம் அது. கஃபே சொசைட்டியிலோ மேடையிலும் மேசையிலும் நிறப் பாகுபாடு இல்லை. அம்மாதமே கார்னகி அரங்கில் கறுப்பின இசையின் வரலாற்றை முன்வைத்த மாபெரும் இசைவிழா நடந்தது. அதற்கு ஆதரவளித்தது ‘நியூ மாசஸ்’ என்ற கம்யூனிஸ்ட் வார ஏடு. முன்னின்று நடத்தியவர், ஹாலிடேயை 1933இல் கண்டறிந்து முதன்முதலாக ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்ற ஜான் ஹாமண்ட். அன்றைய நியூயார்க்கின் இடதுசாரிப் பண்பாட்டு வட்டம் எவ்வளவு விரிந்து பரவியிருந்தது என்பதற்கு இவை சான்றுகள். டெடி வில்சனுக்கு ‘மார்க்சிய மோசார்ட்’ என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு.

‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ இந்த வட்டத்துக்குள்தான் பிறந்தது. 1930 ஆகஸ்ட் 7 அன்று இந்தியானா மாநிலத்தின் மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஆப்ரம் ஸ்மித் என்ற இரு கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து ஒரு கும்பல் தூக்கிலிட்டது. தொங்கும் உடல்களின் கீழே ஆண்களும் பெண்களும் கேமராவைப் பார்த்து நிற்கும் புகைப்படம் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கப்பட்டது. அதைக் கண்டு உறக்கம் தொலைத்தவர்களில் ஒருவர், பிராங்க்ஸ் பகுதியின் டிவிட் கிளிண்டன் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஏபல் மீரோபோல். யூதர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். மரத்தில் தொங்கும் உடலை அம்மண்ணில் விளைந்த கனியாக உருவகித்து அவர் எழுதிய கவிதை, 1937 ஜனவரியில் ஆசிரியர் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. எந்த இலக்கியப் பதிப்பகமும் அல்ல, தொழிற்சங்க ஏடுதான் அதன் முதல் மேடை. பின்னர் அவரே அதற்கு மெட்டமைத்தார். அவரது மனைவியும் தோழர்களும் கூட்டங்களில் அதைப் பாடினர். மாடிசன் ஸ்கொயர் கார்டன் பேரணியில் லாரா டங்கன் என்ற கறுப்பினப் பாடகி பாடினார். ஹாலிடேயிடம் அது வந்துசேர்ந்தது 1939இல், கஃபே சொசைட்டி வழியாக.

இவ்வளவையும் கூறுவது ஹாலிடேயின் பங்கைக் குறைப்பதற்காக அல்ல. இரண்டு ஆண்டுகள் கூட்டங்களில் பாடப்பட்ட ஒரு கண்டனப் பாடல், அவர் தொட்ட பிறகுதான் கேட்டவரின் நிம்மதியைக் குலைக்கும் கலையாயிற்று. அவரது தந்தை கிளாரன்ஸ் ஹாலிடே கிட்டார் கலைஞர். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டவர். 1937இல் டெக்சாஸில் நோயுற்றபோது, நிறத்தின் காரணமாகச் சிகிச்சை மறுக்கப்பட்டே அவர் இறந்தார் என்று மகள் நம்பினார். அந்தப் பாடலில் தந்தையின் சாவையும் தாம் கேட்டதாகப் பின்னாளில் அவர் கூறினார்.

பாடும் முறையைத் திட்டமிட்டவர் ஜோசப்சன். இரவின் கடைசிப் பாடல் அதுவே. பணியாளர்கள் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒற்றை ஒளி. பாடல் முடிந்ததும் இருள். மீண்டும் விளக்கு எரியும்போது மேடை வெறுமையாக இருக்கும். எவ்வளவு கைதட்டினாலும் திரும்ப வரமாட்டார். குடிக்கவும் களிக்கவும் வந்த கூட்டத்துக்கு அந்த ஆறுதல்கூடத் தரப்படவில்லை.

அவரோடு ஒப்பந்தம் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் அதைப் பதிவுசெய்ய மறுத்தது. தென் மாநில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது அதன் கவலை. மில்ட் கேப்ளர் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் தமது சிறிய கமோடோர் நிறுவனத்துக்காக 1939 ஏப்ரல் 20 அன்று பதிவுசெய்தார். கும்பல் கொலைக்கு எதிரான சட்ட முன்வரைவைத் தென் மாநில உறுப்பினர்கள் செனட்டில் வாரக்கணக்கில் பேசிப் பேசியே கொன்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. டஸ்கீகி நிறுவனத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 3,446 பேர். கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது 2022இல்.

நண்பர்களிடையிலும் இப்பாடல் சர்ச்சைக்குரியதாகவே இருந்தது. கலை நோக்கில் ஹாலிடேவுக்கு நேர்ந்த பெருந்தீங்கு இது என்பது ஹாமண்டின் கருத்து. இயல்பான பாடகியை அது தன்னுணர்வு மிக்கவராக்கிவிட்டதாம். நிறப் பாகுபாட்டை வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஒருவரே இப்படிக் கூறியது வியப்புக்குரியது. கறுப்பினக் கலைஞர் இயல்பாக இருக்க வேண்டும், சிந்திப்பவராக இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு முற்போக்காளரிடமும் ஒளிந்திருக்கும் என்பதையே அது காட்டுகிறது. மறுபுறம், ஹாலிடேயின் தன்வரலாறும் நேர்மையாக இல்லை. வில்லியம் டஃப்டி உடனெழுதிய அந்த 1956ஆம் ஆண்டு நூல், பாடலுக்கு மெட்டமைத்ததில் அவருக்கும் பங்குண்டு எனக் கூறியது. மீரோபோல் அதை மறுக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் சங்கத்தையும் கட்சியையும் கதையிலிருந்து நீக்கும் வேலை ஹாலிவுட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த நூல் வெளிவந்த காலத்தில் கம்யூனிஸ்ட் ஒருவரின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

மீரோபோலுக்கு அந்த ஆபத்து முன்பே தெரியும். பள்ளிகளில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாட நியூயார்க் மாநில சட்டமன்றம் அமைத்த ரப்-கூடர்ட் குழு அவரை அழைத்து, இப்பாடலை எழுதக் கட்சி பணம் கொடுத்ததா என்று கேட்டது. உள்ளத்திலிருந்து எழும் சினம் என்ற ஒன்று அந்தக் குழுவுக்குப் புரியாத பொருள். 1953 ஜூன் 19 அன்று ஈத்தல், ஜூலியஸ் ரோசன்பெர்க் தம்பதியர் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட பின், அவர்களின் இரு மகன்களைத் தத்தெடுத்து வளர்த்தவர்கள் மீரோபோல் தம்பதியரே.

ஹாலிடே கட்சி உறுப்பினர் அல்லர். ஆனால் 1943இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் பென் டேவிஸ் நியூயார்க் நகர மன்றத்துக்குப் போட்டியிட்டபோது, ஹார்லெமில் நடந்த ஆதரவுக் கலைநிகழ்ச்சியில் பங்கேற்ற கலைஞர்களில் அவரும் ஒருவர். டேவிஸ் வென்றார்.

பிறகு வந்தது 1947. அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ட்ரூமன் ஆணை, தொழிற்சங்க உரிமைகளை வெட்டிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், ஹாலிவுட் எழுத்தாளர்கள் மீதான விசாரணை ஆகிய மூன்றும் அந்த ஓராண்டில் நடந்தவை. நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழுவின் முன் சாட்சியமளிக்க மறுத்த லியோன் ஜோசப்சன் சிறைத்தண்டனை பெற்றார். பத்திரிகைகள் கஃபே சொசைட்டியைக் குறிவைத்துத் தாக்கின, வாடிக்கையாளர்கள் விலகினர், சில ஆண்டுகளில் அது மறைந்தது. ஹாலிடே ஹெராயின் வைத்திருந்த குற்றத்துக்காகக் கைதானதும் அதே ஆண்டு மே மாதத்தில்தான்.

இவை அனைத்தும் ஒரே சதியின் கண்ணிகள் என்று கூற ஆதாரம் இல்லை. அப்படிக் கூறத் தேவையும் இல்லை. ஹாலிடே போதைக்கு அடிமையாகியிருந்தது உண்மை. 1930 முதல் 1962 வரை போதைப்பொருள் தடுப்புத் துறையை ஆண்ட ஹாரி ஆன்ஸ்லிங்கர், ஜாஸ் கலைஞர்களைப் பற்றித் தனிக்கோப்பே வைத்து, நாடெங்கும் அவர்களைச் சுற்றிவளைத்துக் கைதுசெய்யத் திட்டமிட்டவர் என்பதும் உண்மை. அதே ஆன்ஸ்லிங்கர், போதைக்கு அடிமையான செல்வாக்கு மிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தாமே ஏற்பாடு செய்து மார்ஃபின் கிடைக்கச் செய்ததை 1961ஆம் ஆண்டு நூலில் பெருமையோடு எழுதினார். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியே அது என்று பிற்கால எழுத்தாளர்கள் பலர் கருதுகின்றனர். நோய் ஒன்றே, ஒருவருக்கு அரசின் செலவில் மருந்து, மற்றொருவருக்குச் சிறை.

மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று நம்பி, வழக்கறிஞர் துணையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார் ஹாலிடே. ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்றது ஃபிலடெல்ஃபியா நீதிமன்றம். மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் மகளிர் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் எலிசபெத் கர்லி ஃபிளினும் கிளாடியா ஜோன்ஸும் ஸ்மித் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டதும் அதே சிறையில்தான்.

1948 மார்ச்சில் விடுதலையானார். பதினொரு நாட்களுக்குப் பின் கார்னகி அரங்கில் நடந்த அவரது கச்சேரிக்கு டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத்தீர்ந்தன. தண்டனை முடிந்துவிட்டதாகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையான தண்டனை அப்போதுதான் தொடங்கியது.

நியூயார்க்கில் மது விற்கும் கேளிக்கை விடுதிகளில் வேலை செய்ய ‘கேபரே அட்டை’ என்ற அடையாள அட்டை கட்டாயம். 1940 முதல் நடைமுறையில் இருந்த முறை இது. கொடுப்பது காவல்துறை, பறிப்பதும் காவல்துறை. விரல்ரேகை பதித்தாக வேண்டும். பாடகருக்கு மட்டுமல்ல, பரிமாறுபவர், சமையற்காரர் எல்லாருக்கும் பொருந்தும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற ஹாலிடேவுக்கு அட்டை மறுக்கப்பட்டது. கார்னகி அரங்கில் அப்போது மது விற்கப்படவில்லை. ஆகவே அங்கே பாடலாம். ஆனால் கார்னகி அரங்கு ஆண்டுக்கு ஓரிரு இரவுகள் கிடைப்பது. ஜாஸ் பாடகர் அன்றாடம் கூலி பெறுவது சிறு விடுதிகளில். கலை வளர்வதும் அங்கேதான். ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஜாஸ் இசையின் தலைநகரில் அவருக்கு அந்த வேலை மறுக்கப்பட்டது. 1949இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி அதிகாரிகள் மீண்டும் கைதுசெய்தனர். ஜூரி அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனாலும் அட்டை திரும்பவில்லை. சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க் போன்ற மேதைகளும் இதே முறையில் தொழிலை இழந்தனர்.

இந்த முறையின் வசதி வெளிப்படை. ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை நியூயார்க் நகரம் தடைசெய்யவில்லை. தடைசெய்திருந்தால் அது பேச்சுரிமைப் பிரச்சினை. நீதிமன்றம், தலையங்கம், கண்டனக் கூட்டம் எல்லாம் வந்திருக்கும். பாடுபவரின் வேலைச்சீட்டைப் பிடுங்குவது வெறும் நிர்வாகச் செயல். பால் ரோப்சனின் பாஸ்போர்ட்டை 1950 முதல் எட்டு ஆண்டுகள் முடக்கியபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ரோப்சன் தமது கொள்கையை முழங்கியவர். ஹாலிடே ஊசித்தழும்புகளோடு நின்ற பெண். அவருக்காக எவரும் பேரணி நடத்தவில்லை.

இடதுசாரிகளும் நடத்தவில்லை. 1930களில் ஸ்காட்ஸ்பரோ இளைஞர்களின் வழக்கை உலகறியச் செய்த இயக்கம், 1947இல் அவரது வழக்கை அரசியல் வழக்காகக் காணவில்லை. அமெரிக்கக் கட்சியின் தலைமையே 1948இல் ஸ்மித் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டு, உயிர்பிழைக்கப் போராடிக்கொண்டிருந்தது என்ற விளக்கம் பெருமளவு நியாயமானது. ஆனால் முழு விளக்கம் அல்ல. போதையைத் தனிமனித ஒழுக்கக்கேடாகக் காணும் பார்வை ஆளும் வர்க்கத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. குற்றமற்றவருக்காகப் போராடுவது எளிது. குற்றம் செய்தவரின் உழைக்கும் உரிமைக்காகப் போராடக் கூடுதலான தெளிவு வேண்டும். அத்தெளிவு அப்போது வாய்க்கவில்லை.

விடுதிகளின்றி அவர் ஊர் ஊராக அலைந்தார், ஐரோப்பா சென்றார், குரல் கரகரத்துத் தேய்ந்தது. ஆயினும் 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தமக்கு ‘லேடி டே’ என்று பெயர் சூட்டிய பழைய தோழர் லெஸ்டர் யங் சாக்ஸபோன் வாசிக்க, தலையை மெல்ல ஆட்டிக் கேட்டபடி அவர் பாடும் காட்சி இன்றும் கிடைக்கிறது. அதைக் கண்டவர் எவரும் அவரை அழிந்துபோன கலைஞர் என்று கூறமாட்டார். 1959 மார்ச்சில் யங் இறந்தார்.

அவ்வாண்டு மே மாத இறுதியில் ஹாலிடே நினைவிழந்து வீழ்ந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மருத்துவமனையில் கல்லீரலும் இதயமும் செயலிழந்துகொண்டிருந்த நிலையில், போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கூறிப் படுக்கையிலேயே கைதுசெய்தனர். விரல்ரேகை எடுத்தனர், அறைக்குக் காவல் போட்டனர். ஜூலை 17 அன்று 44 வயதில் இறந்தார். வங்கிக் கணக்கில் 70 சென்ட் இருந்தது. காலோடு சேர்த்துக் கட்டியிருந்த 750 டாலர் ரொக்கம் தனி.

ஃபிராங்க் சினாட்ரா போன்ற பெரும் நட்சத்திரம், விரல்ரேகை பதிக்க முடியாது என்று அட்டைக்கு விண்ணப்பிக்கவே மறுக்க முடிந்தது. பரிமாறும் தொழிலாளிக்கும் ஹாலிடேவுக்கும் அந்த வசதி இல்லை. இசைக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த பின், 1967இல் நியூயார்க் நகர மன்றம் கேபரே அட்டை முறையை நீக்கியது. ஹாலிடே இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.